மூன்று டொக்டரும் ஒரு நெஞ்சும்

அசனாருக்கு இருந்தது ஒரேயொரு நெஞ்சு. ஆனால் அதைப் படம் பிடித்துப் பார்த்த மூன்று டொக்டர்மாருக்கும் அது மூன்று விதமாகத் தெரிந்தது. என்னத்தைச் சொல்ல!

ஏறாவூர் நெல் மில்லில், உமி கொட்டும் அறையில் பதினெட்டு வருடம் நின்ற மனிதர் அவர். இப்போது நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. உமித் தூசிதான் காரணமென்று மூன்று பேரும் ஒருமித்து எழுதினால் வெளிவாசலில் காவல் வேலை. சுகதேகி என்று எழுதினால் பழையபடி உமி அறை. அங்கே திரும்பிப் போனால் உயிரோடல்ல, மையத்தாகத்தான் வெளியே வருவோமென்று அசனாருக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கக்கூடாது, தனித்தனியாகப் பார்த்துத்தான் எழுத வேண்டுமென்று மூத்தவரான டொக்டர் பல்த்தசார் சட்டம் போட்டார். நல்ல சட்டம்தான். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இளையவர் நல்லரத்தினம் ‘தூசி’ என்று எழுதினார். பல்த்தசார் ‘சந்தேகம்’ என்றார். கந்தப்போடி ‘ஒன்றுமில்லை’ என்று முடித்துவிட்டார். எழுதிய மூன்று தாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததும் சண்டை தொடங்கியது.

“இவ்வளவு புள்ளி கிடக்கு, உங்கட கண்ணுக்குத் தெரியல்லையா ஐயா?” என்றார் நல்லரத்தினம்.

“அது புள்ளியில்ல தம்பி, ரத்தக் குழாய்” என்றார் கந்தப்போடி.

கடைசியில், மூன்று மாதத்துக்கொரு படம் எடுப்பது, முடிவாகும்வரை ஆளை வாசலில் இருத்துவது என்று மில்லுக்குக் கடிதம் போனது. அசனாருக்குக் கொண்டாட்டம்.

“அவங்க ஒத்துப்போகாம இரிக்கோணுமெண்டு நேர்ச்ச வெச்சிரிக்கன் புள்ள” என்றார் மனைவி சபூராவிடம்.

“படிச்ச மனிசர் சண்ட புடிக்க நேர்ச்ச வெச்ச ஆள் நீங்க ஒராள்தான்!” என்று சபூரா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நேர்ச்சை பலித்தது. இரண்டாம் படத்தில் பல்த்தசாரும் கந்தப்போடியும் கட்சி மாறிக்கொண்டார்கள். ஒருமுறை பழைய படத்தையே யாரோ தவறுதலாகக் கொடுத்துவிட, கந்தப்போடி முன்பு தான் எழுதியதற்கு நேர்மாறாகத் தானே எழுதிவைத்தார். மூன்றாம் படத்துக்கும் அதே இழுபறிதான். அசனார் வாசலில் கால்நீட்டி இருந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது. அதையும் மீறிச் சிரித்தார்.

நாலாம் படத்துக்கு மூன்று பேரும் ஒரே சொல்லை எழுதினார்கள். தூசி.

கந்தப்போடியே கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். “இனி வாசல் வேலை உங்களுக்கு நிரந்தரம், அசனார்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” அசனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “ஒண்டுமில்ல எண்டு எழுதின ஆளல்லவா நீங்க? இப்ப மட்டும் எப்பிடி டொக்டர் தெரிஞ்ச?”

கந்தப்போடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இப்ப ஆர் பார்த்தாலும் தெரியும், அசனார்.”

அசனாரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. இந்த மூன்று பேரும் இன்னும் கொஞ்ச நாள் சண்டை பிடித்திருக்கக்கூடாதா என்று அவருக்கு அழுகை வந்தது.