பெயரைக் கேட்கும் முன்

சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் தொலைந்து போகாதவன் அதிர்ஷ்டசாலி. தொலைந்து போனாலும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டால் அவனும் அதிர்ஷ்டசாலிதான். இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் சொல்லக் காணோம். பதினோரு வருஷமாகக் காணாமல் போனவர்களுக்கான அறிவிப்புக் கொட்டகையில் மைக்கைப் பிடித்திருப்பவள் இந்த ஆவுடைத்தாய். அதற்கு முன்னால் முப்பது வருஷம் மின்சார வாரியத்தில் புகார் தொலைபேசி எடுத்தவள். கரண்டு போன கோபத்தில் கத்துகிறவனிடமே சர்வீஸ் எண்ணை வாங்கியவளுக்கு, கூட்டத்தில் மிரண்டு நிற்பவரிடம் பேரும் ஊரும் வாங்கத் தெரியாதா?

வயதானவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் பேரைக் கேட்க மாட்டேன். ஃபோன் நம்பரைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எந்த வண்டியில் வந்தீர்கள், உட்கார இடம் கிடைத்ததா என்று ஆரம்பிப்பேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் சஷ்டிக்குப் பாதிப் பேர் விரதம். கால் மணி நேரம் பேச்சு ஓடினால் பேரும் ஊரும் தானாக வரும்.

பக்கத்து மருத்துவ முகாமில் ஸ்வீட்லின் என்று ஒரு டாக்டர், உவரிப் பெண். அறுபத்தாறு வயதுக்காரியை அக்கா என்று கூப்பிடுவதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். போன வருஷம் ஒரு நாள் முழுக்க என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க செய்யுததுக்குப் படிப்பே இருக்குக்கா. பயந்தா ஒடம்புல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும். அது ஏறி நிக்கையில, நல்லாத் தெரிஞ்சதுகூட ஞாபகத்துக்கு வராது. வயசானவங்களுக்கு அது இறங்கவும் நேரமாகும்."

"நின்ன நிலையில நம்பரச் சொல்லுன்னு அதட்டுனா?"

"இன்னும் ஏறும்."

ஆக, நான் விஞ்ஞானப்படிதான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து என் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

இந்த வருஷம் மதியம் இரண்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. நான் தண்ணீர் ஊற்றுவதற்குள் மகன் பின்னாலேயே ஓடிவந்துவிட்டான். வந்தவன் அப்பாவின் தோளைத் தொடக்கூட இல்லை.

"என் நம்பரச் சொல்லுங்கப்பா."

"தொண்ணூத்தெட்டு..." என்று ஆரம்பித்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சரி, இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்?" என்றான். அவன் பெயர் ஹரீஷ், பெங்களூருவில் வேலை. அப்பா தாணுமாலையன், எழுபத்து நாலு வயது. மனைவி போன பிறகு தச்சநல்லூர் வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் பெங்களூருவில் எடுத்த ஞாபகச் சோதனையில் பாதி மதிப்பெண்கூட வரவில்லையாம். "நான் பக்கத்துலயே நின்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன் மேடம். அப்பவும் சொல்லத் தெரியல. இனிமே தனியா விட முடியாது. முதியோர் இல்லத்துல இடம் பாத்தாச்சு. வீட்டப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுதான் வந்திருக்கேன். தரிசனம் முடிஞ்சதும் நேரா பெங்களூர்."

"எனக்கு அங்க வேண்டாம்லே" என்றார் பெரியவர், பைய.

"தொலஞ்சு போறது யாரு? நீங்களா, நானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல், "தம்பி, அப்பாவுக்குச் சூடா ஒரு பால் வாங்கிட்டு வாங்க. கடை இங்கனதான் இருக்கு" என்று அனுப்பினேன். ஃபோனை என் மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனான்.

"கார்லயா வந்திய அண்ணாச்சி? ரோடு எப்படி?"

"ரோடு கெடக்கட்டும். ஆத்துல தண்ணி போகுது பாருங்க, ஸ்ரீவைகுண்டம் அணையில அப்படித் தளும்புது." கருங்குளத்தில் மழை பிடித்தது, குரும்பூரில் மகன் டீ குடித்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "கடல்ல கால நனைக்கலாம்னு எறங்குனேன். திரும்பிப் பாத்தா ஒரே தலையாத் தெரியுது. பயந்துட்டேன்." உதட்டு நடுக்கம் நின்றிருந்தது.

பால் வரவில்லை. சுவாமி புறப்பாட்டுக்காகப் பாதையை அடைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது, பிள்ளையைத் தேடுகிற அப்பாவின் முகம்.

"எழுதுங்கம்மா. பேரு ஹரீஷ், வயசு நாப்பத்திரெண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை, மூணாவது பித்தான் கெடையாது. இடது புருவத்துல தழும்பு, நாலு வயசுல ஆட்டுரல்ல முட்டுனது. ஃபோன் நம்பரு..." பத்து எண்ணையும் தட்டுத் தடுமாறாமல் சொன்னார்.

எழுதி, அதே எண்ணை அழுத்தினேன். என் மேஜையில் சார்ஜில் கிடந்த ஃபோன் அலறியது. இருவரும் அதைப் பார்த்தோம். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு, பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோலக் கண் கலங்கிவிட்டது.

மைக்கை எடுத்தேன். "பக்தர்கள் கவனத்திற்கு. பெங்களூருவிலிருந்து வந்து காணாமல் போன ஹரீஷ், வயது நாற்பத்திரண்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. உங்கள் அப்பா தாணுமாலையன் அறிவிப்புக் கொட்டகையில் உங்களுக்காகக் காத்திருக்கிறார். பயப்பட வேண்டாம்." ஒரு தடவை போதும். மூன்று தடவை சொன்னேன்.

வேர்த்து விறுவிறுத்து, சிந்தியது போக மிச்சமிருந்த பாலோடு வந்தான். "எந்தக் கொட்டகைன்னே மறந்து போச்சு மேடம். கையில ஃபோனும் இல்ல, அப்பா நம்பர்கூட எனக்கு..." என்றவன், நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இத யாரு சொன்னது?"

"அப்பாதான்."

தாளை இரண்டு தடவை படித்தான். பக்கத்து முகாமிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்வீட்லின் எட்டிப் பார்த்து, "அந்தச் சோதனைய இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க. அப்ப நீங்க வெளிய நில்லுங்க சார்" என்றாள்.

ஹரீஷ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். "அதுவரைக்கும் தச்சநல்லூர்லயே இருங்கப்பா."

வேலை முடியவில்லையே. பதிவேட்டை விரித்தேன். காணாமல் போனவர் என்ற கட்டத்தில் ஹரீஷ் என்று எழுதினேன். பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தைக் காட்டியதும் பெரியவர் பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, திங்கட்கிழமை என்றும் எழுதினார்.