ஓட்டை போட்ட கார்டு

சொக்கம்மாளின் கார்டில் நான் ஓட்டை போட்டபோது அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

2005. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. முன் கேட்டில் கார்டு படிக்கும் புது ரீடரைப் பொருத்தியவன் நான், ராயபுரம் ஜெரால்ட். கார்டைக் காட்டினால் 'பீப்' என்று கதவு திறக்கும். அந்த மாதம் யாரோ போலி கார்டில் நுழைந்து செம்புக் கேபிளைத் திருடியிருந்தார்கள். அதனால் பீப் வராத கார்டெல்லாம் போலி, அங்கேயே பஞ்ச் கருவியால் ஓட்டை போட்டு ஆளை வேலையிலிருந்து நிறுத்து என்று உத்தரவு.

சொக்கம்மாள் காலி கன்டெய்னர்களைக் கூட்டுபவர். மூன்று முறை காட்டினார். சத்தமே இல்லை.

"இன்னாமா, எங்க வாங்கின இத்த?"

"ஆபீஸ்ல குடுத்தது நைனா. அஞ்சு வருசமா பின்னாடி கேட்டை இதானே தொறந்துச்சு."

"அந்த கேட்டைத்தான் நேத்தே மூடியாச்சே. அதான் இங்க வந்து மாட்டிக்கின."

"கேபிளு கூடைல போச்சா, முந்தானைல போச்சா?" என்றார் ஒரு லாரி டிரைவர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பஞ்ச் கருவியை அழுத்தி, கார்டைச் சொக்கம்மாள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, வெளியூர் போயிருந்த மேனேஜர் பக்தவச்சலம் வந்தார். அவரும் வழக்கமாகப் பின் கேட்டில் நுழைகிறவர். அவர் கார்டுக்கும் பீப் வரவில்லை.

"ரீடர்ல ஏதோ கோளாறு சார். உடனே பாத்துடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மேனேஜர் என்றால் ரீடர் கோளாறு. அந்த அம்மா என்றால் திருட்டு.

மேனேஜர் கார்டை என் மேசைக்குக் கொண்டுபோனேன். ரீடர் ஒரு அலைவரிசையில் கூப்பிடும். அதற்கென்று செய்த கார்டுதான் பதில் சொல்லும். எங்கள் ரீடர் கூப்பிடுவது 125 கிலோஹெர்ட்ஸில். எல்லாக் கார்டுமே அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். சோதனைக் கருவியில் அலைவரிசையை மெல்ல ஏற்றினேன். 130, 140, ஒன்றுமில்லை. 153-ல் திரையிலிருந்த கோடு பல் பல்லாக எழும்பியது. கார்டு பேசிவிட்டது. அது பின் கேட்டின் பழைய ரீடருக்கென்று செய்தது.

ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பின் கேட்டின் பழைய கார்டை மாற்றாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருவர், புதுக் கார்டு கொடுத்த வாரம் மகள் பிரசவத்துக்காக லீவில் இருந்த சொக்கம்மாள்.

எண்ணூரில் விசாரித்து அவர் வீட்டுக்குப் போய்ப் புதுக் கார்டை நீட்டினேன்.

"தப்பு என்னுதுதான்மா. மன்னிச்சிடு. நாளைக்கி வேலைக்கி வந்துடு."

அவர் அதை வாங்கவில்லை. உள்ளே போய்ப் பழைய கார்டை எடுத்துவந்தார்.

"இத்த உன் மிஷின்ல வச்சு அல்லாருக்கும் காட்டு. நெசக் கார்டுனு அது சொல்லட்டும்."

ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சுற்றியிருந்த மெல்லிய கம்பியை என் பஞ்ச் அறுத்திருந்தது. இனி எந்த அலைவரிசையிலும் அது பேசாது.

"அது செத்துடுச்சுமா. நாந்தான்..."

"அப்ப நீ சொல்லு. இங்க இல்ல. எங்க நின்னு சிரிச்சியோ, அங்க."

மறுநாள் காலை எட்டு மணி. அதே கேட், அதே வரிசை. சொல்ல ஆரம்பித்தேன். முன்னால் நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும்.

"கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கல நைனா" என்றார் சொக்கம்மாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.