செசாருக்குப் பத்து நாள்

நான்காம் நாள் காலை தனக்கொடி இடைமதில் மேலாக எட்டிப் பார்த்தபோது நாயைக் காணவில்லை.

சங்கிலியும் இல்லை. வேப்பமரத்தடியில் தண்ணீர் தெளித்து, சருகு ஒன்றுகூட இல்லாமல் பெருக்கி வைத்திருந்தார்கள். நாய் படுத்துக் கிடக்கும் சாக்கு இல்லை. நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டும் இல்லை. நேற்று இதே நேரத்துக்கு அந்தத் தட்டில் செசார் தண்ணீர் குடித்ததை அவள் நின்று பார்த்திருந்தாள். கடைசிச் சொட்டுவரை நக்கிவிட்டு அது நிமிர்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டப் போனாள்.

கடி பட்டது திங்கட்கிழமை. தெருக்குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியவளைப் பக்கத்து வீட்டு நாய் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் கவ்வியது. காரணம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய டாக்டர், அவள் ஐந்து மாதக் கர்ப்பம் என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாய் கண்ணுக்கு எதிர்ல இருக்கா?"

"பக்கத்து வீட்டு நாய்தாங்க."

"அப்ப அதைக் கட்டிப்போட்டு பத்து நாள் பாருங்க. நல்லபடியாத் தின்னுட்டு, தண்ணி குடிச்சிட்டு இருந்தா ஒண்ணும் பயமில்ல. செத்துப்போனாலோ, காணாமப் போனாலோ உடனே வந்துடணும். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி."

"வயித்துல இருக்கிறதுக்கு?"

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். "நாயைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா" என்றார்.

போன முறை அவளுக்கு நாலாம் மாதத்தில் கலைந்தது. அதனால் இந்த மூன்று நாளும் நாயைப் பார்ப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது. காலையில் ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, விளக்கு வைக்குமுன் ஒரு முறை. கடித்த நாய் நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா! புஷ்பமேரி அக்கா!" மதிலோரம் நின்று கூப்பிட்டாள். "நாய் எங்கக்கா?"

புஷ்பமேரி கதவிடுக்கில் ஒரு கணம் தெரிந்தாள். வாயைத் திறக்குமுன் அவள் புருஷன் அருளானந்தம் முன்னால் வந்து நின்றார். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். தெருவில் அவரைப் பிரெஞ்சில் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்பார்கள். நேருக்கு நேர் மரியாதையாக 'முசே'.

"என்னா நாய்?" என்றார்.

"செசாருங்க, முசே."

"இந்த வீட்டுல நாயே கிடையாது."

"என்னங்க இது? என் காலைப் பாருங்க."

"தெருவுல எத்தினி நாய் திரியுது. எது கடிச்சுதோ, எனக்கு என்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தனக்கொடிக்குக் காரணம் புரிந்தது. முந்தின நாள் சாயந்திரம் அவள் புருஷன் கலியமூர்த்தி தெரு நடுவில் நின்று சவால் விட்டிருந்தான். மில்லில் தறி ஓட்டுகிறவன், சத்தம் போட்டே பேசிப் பழகியவன். "நாளைக்கு உய்சியேவோட வரேன் பாரு! கோன்ஸ்தா எழுத வைக்கிறேன். நாயும் சங்கிலியுமா பதிவாவட்டும். கோர்ட்டுல வந்து சலாம் போடு!" என்று கத்தினான். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியும் ஊரில் கோர்ட்டு பழைய கோர்ட்டாகவும், சட்டம் பிரெஞ்சுச் சட்டமாகவும்தான் இருந்தது. கோர்ட்டு ஆளான உய்சியே ஒருவர் நேரில் வந்து பார்த்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் காகிதம்தான் கோன்ஸ்தா. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

அன்று பதினோரு மணிக்கு உய்சியே வந்தார். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் தோல் பை. கலியமூர்த்தி மில்லுக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். அருளானந்தம் நெஞ்சில் மெடலைக் குத்திக்கொண்டு கதவைத் தானே அகலத் திறந்து வைத்தார்.

"அந்த்ரே, முசே, உள்ள வாங்க! எங்க வேணா பாருங்க. சமையக்கட்டு, கிணத்தடி, எங்க வேணா."

உய்சியே அவசரப்படவில்லை. கொல்லையைச் சுற்றி வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பட்டை வளையமாகத் தேய்ந்து வெளுத்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தெருவே வாசலில் நின்றது. மண்ணாங்கட்டி என்கிற பால்காரன், "நாயும் பென்ஷன் வாங்கப் போயிருக்குது போல" என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தனக்கொடியால் சிரிக்க முடியவில்லை.

உய்சியே எழுதியதைப் படித்துக் காட்டினார். நாய் எதுவும் காணப்படவில்லை. மரத்தில் சங்கிலி உராய்ந்த தடம் உள்ளது. அவ்வளவுதான்.

"கேட்டியா?" என்றார் அருளானந்தம், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "கோன்ஸ்தாவுல நாய் இல்ல. நாய் இல்லாம கேஸ் ஏது? சைகோன்ல நான் பாக்காத கோன்ஸ்தாவா!"

வெளியே வந்த உய்சியே தெருமுனைவரை போய்த்தான் வாயைத் திறந்தார். கலியமூர்த்தியும் தனக்கொடியும் கூட நடந்தார்கள்.

"இந்த மனுஷர் நெனைக்கிறது தப்பு" என்றார். "நாய் கட்டிக் கிடந்தாலும் சரி, தப்பிச்சு ஓடியிருந்தாலும் சரி, அதை வெச்சிருக்கிறவன்தான் ஜவாப்பு. சட்டத்துல அப்படித்தான் இருக்குது. அவர் வளத்த நாய்னு தெருவுல நாலு பேர் சாட்சி சொன்னா போதும். நாயே வேண்டாம்."

கலியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் மடித்து வைத்திருந்த மனுவைப் பிரித்தான்.

"தனம், இதுல ஒரு கைநாட்டு வை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பிச்சுடு. பதினாலு ஊசிக்கும் சீட்டு வாங்கிப் பத்திரமா வை. ஒவ்வொரு சீட்டும் கோர்ட்டுல பேசும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"ஏங்க, ஊசி எங்க போடுவாங்கன்னு தெரியுமா?"

"வயித்துலதான்."

"வயித்துல வேற யாரு இருக்காங்க?"

அவன் மனுவை மெதுவாக மடித்தான். "நாயைத் தேடித் தரச் சொன்னா நான் எங்க போவேன்?" என்று முனகினான்.

சொல்தாவுக்கு நாய் கோன்ஸ்தாவில் இருக்கக் கூடாது. இவனுக்கு நாய் வேண்டவே வேண்டாம். அது தண்ணீர் குடிக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டியது தனக்கொடி ஒருத்திக்குத்தான். கெண்டைக்கால் விண்ணென்று தெறித்தது. அது காயத்தின் வலிதானா, வேறு ஏதாவதா என்று யோசிக்க ஆரம்பித்தாள். விடிந்தால் ஐந்தாம் நாள். அதற்கு மேல் காத்திருக்க அவளுக்குத் துணிவில்லை.

பொழுது விடிந்ததும், கலியமூர்த்தி முதல் ஷிப்டுக்குப் போன பிறகு, அவள் நேராகப் போய்ச் சொல்தாவின் கதவைத் தட்டினாள்.

"முசே, நாயைக் காட்டுங்க. நான் மனுவுல கைநாட்டு வெக்க மாட்டேன்."

அருளானந்தம் சந்தேகமாகப் பார்த்தார். "உன் புருஷன் வெப்பான்."

"கால் என்னுது. நான் வெக்கலேன்னா கேஸ் இல்ல. இன்னொண்ணும் சொல்லிடறேன். உய்சியே சொன்னாரு, நாயை ஒளிச்சாலும் நீங்கதான் ஜவாப்பாம். சாட்சி இருந்தாப் போதுமாம். நீங்க சும்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"அப்படியா சொன்னான்?" அவர் கை மெடல் இருந்த இடத்தைத் தேடியது. இன்று அது சட்டையில் இல்லை.

உள்ளேயிருந்து புஷ்பமேரி வெடித்தாள். "புள்ளத்தாச்சி வாசல்ல நிக்குது! போய்க் காட்டுங்க! எங்க அண்ணன் தோப்புல இருக்குதுன்னு நானே சொல்லிடுவேன். தினம் செபமாலையக் கையில பிடிச்சிட்டு எத்தினி நாளைக்கு நான் பொய் சொல்றது?"

நோணாங்குப்பத்துக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். ஆற்றோரத் தோப்பில் புஷ்பமேரியின் அண்ணன் அந்தோணி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கடப்பாரையை விட்டு எழுந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மச்சான். கொண்டாந்து வுட்டதுலேந்து பச்சத்தண்ணி தொடல. சோறு வெச்சா முகத்தைத் திருப்பிக்குது."

தனக்கொடி தென்னையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி மரத்தில் செசார் கட்டிக் கிடந்தது. தலையை முன்னங்கால்களில் வைத்திருந்தது. பக்கத்தில் மண்சட்டி நிறையத் தண்ணீர், மேலே எறும்பு மிதந்தது. ஆட்களைப் பார்த்தும் அது எழவில்லை. காது மட்டும் அசைந்தது.

"கிட்ட போவாதீங்க மச்சான்" என்றான் அந்தோணி.

அருளானந்தம் பத்தடி தூரத்தில் நின்றார். அவருக்கும் பயம்தான்.

"அதோட தட்டு எங்க முசே?" என்று கேட்டாள்.

"கிணத்துல போட்டுட்டேன்."

ஆற்றில் ஒரு தோணி துடுப்புப் போட்டுப் போகும் சத்தம் கேட்டது. அருளானந்தம் குனிந்து மண்சட்டித் தண்ணீரைக் கொட்டினார். கிணற்றடிக்குப் போய்ப் புதுத் தண்ணீர் மொண்டு வந்தார். நாயின் முன் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தண்ணீரை ஏந்தினார்.

"ஐயோ, கையைக் கொண்டு போவாதீங்க!" என்றாள் புஷ்பமேரி.

"வியேன், செசார்" என்றார் அவர். குரல் தாழ்ந்து போயிருந்தது. "வியேன், மொன் வியே. வாடா, என் கிழவா."

நாய் எழுந்தது. முதலில் கையை முகர்ந்தது. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக் குறைந்துகொண்டே வந்தது. பிறகு செசார் நாக்கை நீட்டி நக்கியது. ஒரு முறை. இன்னொரு முறை. கை காலியானதும் அது அவர் மணிக்கட்டை நக்கியது. அவர் மறுபடி மொண்டார். நான்கு கை தண்ணீர் குடித்தது.

தனக்கொடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது சொன்னாள்: "இனிமே இதை நான் கண்ணை வுட்டு அனுப்ப மாட்டேன். எங்க வீட்டுல கட்டுங்க."

அந்தோணியின் தேங்காய் வண்டியில் நாய் ஊர் திரும்பியது. மில்லிலிருந்து வந்த கலியமூர்த்தி, பெண்டாட்டியைக் கடித்த நாய் தன் கொல்லை முருங்கை மரத்தில் கட்டிக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"அறிவிருக்குதாடி? நம்ம வீட்டுல வெச்சு நாம சோறு போட்டா நம்ம நாய்னு ஆயிடும். அந்தாளு தப்பிச்சுக்குவான். கேஸே போயிடும்!"

"போவட்டும்."

"நாளைக்கு இது வேற யாரையாவது கடிச்சா?"

"கடிக்காம பாத்துக்கிறேன். அதான் எனக்கு வேலை."

ஆறாம் நாள் நாய் அரைத் தட்டுச் சோறு தின்றது. ஏழாம் நாள் இரண்டு முறை வாந்தி எடுத்தது. அன்று முழுக்கத் தனக்கொடி சாப்பிடவில்லை, முருங்கைக்குச் சற்று எட்டி உட்கார்ந்தே இருந்தாள். சாயந்திரம் அது மீன் தலையைக் கடித்துத் தின்றபோது அழுதுவிட்டாள். எட்டு, ஒன்பது என்று ஓடியது. ஒவ்வொரு காலையும் அருளானந்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் ரொட்டித் துண்டோடு வந்து நிற்பார். அதை மதில்மேல் வைப்பார். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். இந்தப் பக்கம் கலியமூர்த்தி இருப்பது அவருக்குத் தெரியும்.

பத்தாம் நாள் விடிந்ததும் செசார் எழுந்து சோம்பல் முறித்தது, வாளித் தண்ணீரைச் சளப் சளப்பென்று குடித்தது, வாலை ஆட்டியது. தெருவில் செய்தி பரவி மண்ணாங்கட்டி பால் குவளையோடு வந்து நின்றான். இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள்.

கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து மனுவையும் மைப் பெட்டியையும் எடுத்தான். "ஊசிக்குத்தான் தப்பிச்சுட்டே. காலு கிழிஞ்சது கிழிஞ்சதுதானே? இப்ப வை."

"வாக்குக் குடுத்துட்டேங்க" என்றாள் தனக்கொடி.

முருங்கையிலிருந்து சங்கிலியை அவிழ்த்தாள். நொண்டிக்கொண்டே நாயை இழுத்துப் போய், மதில்மேல் சங்கிலியின் வளையத்தை நீட்டினாள்.

"முசே, உங்க நாயை வாங்கிக்குங்க."

அருளானந்தம் வளையத்தைப் பார்த்தார். மைப் பெட்டியோடு நிற்கும் கலியமூர்த்தியைப் பார்த்தார். தெருவாசலில் நிற்கிற நாலைந்து ஜோடிக் கண்ணையும் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் அதைக் கையில் வாங்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தனக்கொடி கையை இறக்கவில்லை. கை வலித்தது.

"குடும்மா" என்றார். வளையத்தை வாங்கி மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, தெருப்பக்கம் திரும்பி, பட்டாளத்தில் பெயர் கொடுக்கிறவரைப்போல உரக்கச் சொன்னார்:

"என் நாய்தான்."