இடைவேளையோடு எழுந்து வந்தவர்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நாலுவரி. வாரம் ஐந்து படம், படத்துக்கு நாலு வரி, ஞாயிறு இதழின் கடைசிப் பக்கம். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. "பேய் வருவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது." "நாயகி நன்றாக அழுகிறார். நாமும் அழுகிறோம், வேறு காரணத்துக்காக." இப்படிப் போட்டுத் தாக்குவதில் மனுஷனுக்கு அலாதி சுகம்.

இந்த வார ஐந்தில் ஒரு படத்தின் எடிட்டர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அதற்கும் எழுதியிருந்தார்: "முதல் பாதி பறக்கிறது. இரண்டாம் பாதி நொண்டுகிறது. எடிட்டருக்கு வெட்டக் கை வரவில்லை. கடைசி அரை மணியைத் தூக்கியிருந்தால் படம் பிழைத்திருக்கும்."

சொந்தமென்று தாட்சண்யம் பார்க்கவில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு. உண்மை என்னவென்றால், வெள்ளிக்கிழமை ஒரே நாளில் மூன்று படம். அடுத்த தியேட்டருக்கு நேரமாகிவிட்டதென்று இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார். இரண்டாம் பாதி நொண்டாத படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற தைரியத்தில் எழுதியதுதான் மீதி மூன்று வரியும்.

ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நாலுவரி பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவனோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"காலைலேருந்து ரெண்டாம் பாதிய மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன் மாமா. எங்க நொண்டுதுன்னே தெரியல."

"அட, விடு மாப்ள."

"எப்படி விடுறது? உங்க கண்ணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அப்ப இந்த வேலைக்கு நான் லாயக்கில்லன்னுதான அர்த்தம்? மூணு மணிக்கு அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடணும். வரலன்னு சொல்லிடப் போறேன்."

"ஒரு விமர்சனத்துக்காகவா?"

"வேற எவன் எழுதியிருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பேன். எழுதினது நீங்க. எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரி சீனா? அப்பாவும் பொண்ணும் பேசுறதா?"

அவர் பார்த்த பாதியில் ஆஸ்பத்திரியும் இல்லை, அப்பாவும் இல்லை. "பொதுவா, ஓட்டம் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. தெரியாத விஷயத்தைப் பேசும்போதுதான் அவர் வாயில் அந்தப் 'பொதுவா' வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவரையே பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்தார். சினிமாக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பதினோரு வருடப் பக்கம் ஒரே நாளில் பறிபோய்விடும். பேசாமல் இருந்துவிட்டால் பையனின் பிழைப்பு போய்விடும். மச்சான் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மணி அடிப்பது அவருக்கும் கேட்டது.

"வரலன்னு சொல்லாத மாப்ள. நான் அந்தப் படத்த முழுசா பாக்கல. இடைவேளையோட எந்திரிச்சு வந்துட்டேன்."

போனில் யாரோ ஹலோ, ஹலோ என்றார்கள். "சார், கிளம்பிட்டேன். அரை மணில அங்க இருப்பேன்," என்று சொல்லிப் போனை வைத்தான் மச்சான். கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் ஷூவை மாட்டும்போது கேட்டான்: "என் மொதப் படத்துக்கு, இந்தக் கைய நம்பலாம்னு எழுதினீங்களே மாமா. அத நம்பித்தான் இருந்த வேலைய விட்டுட்டு இதுல இறங்கினேன். அதயாவது முழுசா பாத்தீங்களா?"

"முழுசா பாத்தேன்டா. ரெண்டு தடவ."

அது சத்தியமான உண்மை. இரண்டாம் தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"ஆமாடா, நானும்தான் கூடப் போனேன்," என்றாள் அவள்.

மச்சான் அக்காவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "சரி மாமா," என்று பேச்சை முடித்துக்கொண்டு படியிறங்கினான். அவன் நம்பவில்லை என்பது இருவருக்குமே தெரிந்தது.