கல்லறைக் கல்லுக்குப் புரூஃப்

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் பெண்மணி, தன் கல்லறைக் கல்லில் இருந்த ‘பொறுமை மிக்க’ என்ற இரண்டு சொற்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்தது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை காலை கல் செதுக்குபவர் பட்டறையைத் திறந்தபோது அந்த இடம் உளியே படாததுபோல் வழவழவென்று இருந்தது. அதே காலையில் அவள் வீட்டில், டீக்காகக் குரல் கொடுத்த கணவரிடம், கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, “அடுப்பு அங்கதான இருக்கு, நீங்களே போட்டுக்கங்க” என்றாள். அன்றிலிருந்து அவரே போட்டுக்கொண்டார்.

கல்லை வாங்கியது கணவர்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல், தேதிகளுக்கு மட்டும் இடம் விட்டு. வாசகத்தையும் அவரே எழுதினார். மேலே தன் பெயர், அதன் கீழே நேரம் தவறாத ஊழியர், நேர்மையாளர், அன்பு நிறைந்த கணவர் என்று ஐந்து வரி போனது. ஆறாவது வரியில் ‘உடன், பொறுமை மிக்க மனைவி’. அவள் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, இடம் பத்தவில்லை என்றார். ஊரார் புத்தகங்களில் விட்டுப்போன கால்புள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடியவளுக்கு, நான்கெழுத்துப் பெயர் விட்டுப்போனதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் பென்சிலோடு பட்டறைக்குப் போனாள்.

கல் செதுக்குபவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. கருங்கல்லோடு நாற்பது வருடம் குப்பை கொட்டிவிட்டேன், அது இப்படியும் செய்யும் என்றார். அவள் செய்த தவறு, இடம் காலியான விஷயத்தை வீட்டில் சொன்னதுதான். கணவர் அன்றே பட்டறைக்குப் போய், காசு கொடுத்து வாங்கிய கல்லில் இடம் வீணாகக் கூடாது என்று, அங்கே பொடி எழுத்தில் ‘ஊழியர் சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவருடைய’ என்று செதுக்க வைத்துவிட்டு வந்தார்.

அவளுக்கு வந்த கோபத்தில் ஆறாவது வரி முழுவதையும் அடித்தாள். மறுநாள் கல்யாணப் போட்டோவில் கணவர் மட்டும் மாலையோடு நின்றிருந்தார். துணி தேய்ப்பவர், தனிக்கட்டைக்கு இத்தனை துணியா என்று அவரைக் கிண்டல் செய்தார். இதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. ஆனால் அச்சுப் பக்கத்தில் ஒரு வரியை எடுத்தால் கீழே இருக்கிற வரிகளும் நகரும் என்பதை, அத்தனை வருடம் அதே வேலை பார்த்தவள் மறந்துபோனாள். நான்காம் நாள் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

“யாருங்க வேணும் உங்களுக்கு?” என்றாள் மகள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

பட்டறை வரைக்கும் அழுதுகொண்டே ஓடினாள். அடித்ததைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பது அவள் தொழிலில் வழக்கம். வெறும் கல்லைத் தடவித் தடவி, வரி இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புள்ளி வைத்தாள். சாயங்காலம் மகளே கூப்பிட்டு, நாலு நாளாக ஏன் பேசவில்லை என்று சண்டை போட்டாள். துணைத் தலைவரும் கல்லுக்குத் திரும்பியிருந்தார்.

அந்தப் பயத்தில் இரண்டு வருடம் அவள் கல் பக்கமே போகவில்லை. அறுபது முடிந்து அச்சகத்தில் வழியனுப்பிய அன்று, கொடுத்த சால்வையோடு நேராகப் பட்டறைக்குப் போனாள். ‘அன்பு நிறைந்த’ என்பதன் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்ன இருந்தாலும் கூட வாழ்ந்த மனுஷன். பிறகு அடித்தாள், ஓரத்தில் தன் பெயரை எழுதினாள், இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. புரூஃபில் இருந்தால் செதுக்க வேண்டியதுதான் என்று கல் செதுக்குபவர் மறுநாளே செதுக்கிவிட்டார். ‘அன்பு நிறைந்த கணவர்’ என்றிருந்த வரி இப்போது, அவள் பெயரைச் சொல்லி, இன்னாருடைய கணவர் என்று ஆகிவிட்டது.

அதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது. அன்பை எடுத்தாகிவிட்டது, உள்ளே எந்த மாதிரி ஆள் உட்கார்ந்திருப்பாரோ. கணவர் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டு எப்போதும்போல் மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அவள் காய்ச்சலில் படுத்தாள். அவர் அறை வாசலில் நின்று, சாயங்காலத்துக்குள் எழுந்துவிட முடியுமா என்று கேட்டார். ஒரு மாதம் விடாமல் கவனித்தாள். ஏதாவது ஒன்று, சின்னதாகவாவது, குறைந்திருக்கும் என்று மனதாரத் தேடினாள். வீட்டில் எதுவும் மாறவில்லை.