ஐந்தடி பத்து அங்குலம்

சிநேகாவின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அவளுடைய கல்யாண பயோடேட்டாவில் அது ஐந்தடி ஐந்து. நடுவில் காணாமல் போன ஐந்து அங்குலத்தை அவள் அம்மா மார்கரெட் எங்கே ஒளித்து வைத்தாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அழுவாள்.

மார்கரெட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதினோரு வரன் வந்து போயிருந்தது. படிப்பு, சபை, சம்பளம் எல்லாம் சரியாக வரும். கடைசியில் பெண் நாற்காலியை விட்டு எழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. ஒருத்தர் மட்டும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, மாலை போட எங்கள் பையனுக்கு ஏணி வேண்டுமே என்று சிரித்தார். அவர் கொண்டுவந்த ஆப்பிளை மார்கரெட் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இத்தனைக்கும் சிநேகாவுக்குச் சோறு போடுவதே அந்த உயரம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து வாலிபால். நெட்டுக்கு மேலே எகிறி எகிறி அடித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வாங்கினாள். இப்போது செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர். கறுப்பு கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் பிளாட்பாரத்தில் நின்றால், டிக்கெட் இல்லாதவன் மூன்று பெட்டிக்கு அந்தப் பக்கமே இறங்கி நடையைக் கட்டுவான்.

பன்னிரண்டாவது வரன் ஜோஷ்வா. கேளம்பாக்கத்தில் ஃபிளாட், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, அப்பா இல்லை, அம்மா பியூலா ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. மார்கரெட் அனுப்பியதெல்லாம் சிநேகா உட்கார்ந்திருக்கிற போட்டோக்கள். அதைப் பார்த்துப் பிடித்துப்போய் ஜோஷ்வாவே போன் செய்தான். மூன்று வாரமாகப் பேசுகிறார்கள். டிக்கெட் எடுக்காதவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். அவளுடைய வலது முட்டியில் ஆபரேஷன் நடந்ததைச் சொன்னபோது, மழைக்காலத்தில் வலிக்குமா என்று கேட்டான். இதுவரை எந்த வரனும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சிநேகாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. உயரத்தைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தாள். ஆனால் நேரில் பார்க்கிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று மார்கரெட் பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சரி, நேரில் பார்த்தால் சிரிப்பான், பெரிசுபடுத்த மாட்டான் என்று சிநேகா நம்பினாள்.

பெண் பார்ப்பதற்கு வீடு வேண்டாம் என்று மார்கரெட் சொன்னபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. காரணம், போன கிறிஸ்துமஸ் சமயத்தில் சபைப் பெண்கள் வேன் பிடித்து மாமல்லபுரம் போய்வந்தது. ஈ.சி.ஆர். ரோட்டில் கண்ணை ஏமாற்றுகிற மியூசியம் ஒன்று திறந்திருக்கிறார்கள். உள்ளே ஓர் அறையில், நாலரையடி இருக்கிற மாதர் சங்கத்துச் செயலாளர் அம்மா ராட்சசி மாதிரி தெரிந்தார். எதிர் மூலையில் நின்ற ஐந்தரையடி மார்கரெட் அவர் இடுப்புக்குக்கூட வரவில்லை. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். மார்கரெட் ஒரு திட்டத்தோடு திரும்பினாள். யார் எவ்வளவு உயரம் என்று யாருக்குமே தெரியாத இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது, அதுவும் முக்கால் மணி நேரத் தூரத்தில். அதை விட்டுவிட்டு வீட்டில் வைத்துப் பெண்ணைக் காட்டுவதற்கு அவளுக்கு என்ன பைத்தியமா?

ஞாயிறு ஆராதனை முடிந்து வாடகைக் காரில் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மார்கரெட் திட்டத்தை அவிழ்த்தாள். சிநேகா வண்டியை நிறுத்தச் சொன்னாள். முன்சீட்டில் இருந்த அப்பா ஏசுபாதம், முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்ந்தவர், திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். மார்கரெட் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா சொல்ற எடத்துல மட்டும் நில்லு கண்ணு. இன்னிக்கி ஒரு நாளு. உனுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

இருபத்தேழு வயதுப் பெண் அம்மாவின் அழுகைக்கு எத்தனை தடவைதான் எதிர்த்து நிற்பாள்? சிநேகா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மியூசியத்து வாசலில் செருப்பையெல்லாம் கழற்றி வைக்கச் சொன்னார்கள். தரையிலும் ஓவியம் என்பதால் அப்படி ஒரு சட்டம். மார்கரெட்டுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. ஜோஷ்வாவும் அம்மாவும் வருவதற்குள் மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போய், ஒரு மேசைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டாள். மேசையில் ஒரு ஓட்டை, அதில் கழுத்து, சுற்றிலும் எவர்சில்வர் தட்டு, அடியில் கண்ணாடி. வெறும் தலை மட்டும் பரிமாறி வைத்ததாகத் தெரியும். வருங்கால மருமகளைத் தட்டில் வைத்த தலையாக முதன்முதலில் பார்த்த மாமியார் உலகத்திலேயே பியூலா டீச்சராகத்தான் இருப்பார். முகம் லட்சணமாக இருக்கிறது என்றார். ஜோஷ்வா குனிந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டான். கோபமாக இருந்த சிநேகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் மேசைக்கு அடியிலேயே குடித்தனம் நடத்த முடியாதே. அவள் வெளியே வந்து நிமிர்ந்தாள். ஜோஷ்வாவின் பார்வை அவள் முகத்திலிருந்து ஆரம்பித்து, போய்க்கொண்டே இருந்து, உச்சியில் நின்றது. அவன் ஐந்தடி ஆறு இருப்பான். பியூலா டீச்சரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மார்கரெட் நடுவில் புகுந்து எல்லோரையும் சாய்ந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எல்லோரும் கோணலாக நின்றதில் யாருக்கும் யாரையும் அளக்க முடியவில்லை. வந்தவர்கள் முகம் சுளிக்காததைப் பார்த்துச் சிநேகாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. அம்மாதான் வீணாகப் பயந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

கடைசியாக அந்த அறை. ஒரு பக்கம் திறந்து மேடையில் இருந்தது. முன்னால் ஒரு கேமரா, அதன் பக்கத்தில் பெரிய டிவி. அறையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் சட்டையில் ஆஸ்மா என்று பெயர் குத்தியிருந்தது. இடது மூலை உண்மையில் தூரத்தில், பள்ளத்தில் இருக்கிறது, வலது மூலை பக்கத்தில், மேட்டில் இருக்கிறது, கேமரா வழியாகப் பார்த்தால் இரண்டும் சமமாகத் தெரியும் என்று அவள் விளக்கினாள். அவள் முடிப்பதற்குள் மார்கரெட் மகளை இடது மூலைக்கும் மாப்பிள்ளையை வலது மூலைக்கும் அனுப்பியாயிற்று.

டிவியில் ஜோஷ்வா கையால் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றான். சிநேகா அவன் தொடை உயரத்துக்கு இருந்தாள். பின்னால் வரிசையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பியூலா டீச்சர் கை தட்டினார். இந்தப் போட்டோவைத்தான் நிச்சயதார்த்த பேனரில் போட வேண்டும் என்றார். பிறகு மார்கரெட்டின் தோளைத் தொட்டு, வகுப்பில் பாடம் நடத்துகிற தெளிவோடு சொன்னார்.

"பொண்ணு ஒசரம்னு உள்ள வந்ததுமே பாத்துட்டேன் சிஸ்டர். நான் ஒண்ணும் சொல்லல பாருங்க. கல்யாணத்தன்னிக்கி கோயில்ல ஆல்டர் முன்னாடி முட்டிய கொஞ்சம் மடக்கி நிக்கட்டும், பொடவைக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது? பொறவும் நாலு பேர் வர்ற எடத்துல கொஞ்சம் குனிஞ்சாப்புல இருந்துக்கிட்டா போதும்."

மார்கரெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆகட்டும், ஆகட்டும் என்று தலையாட்டினாள். அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. இப்போதே பார்த்துவிடலாமே என்று மேடைப் பக்கம் திரும்பி, முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் காட்டு கண்ணு என்றாள். சிநேகா அப்பாவைப் பார்த்தாள். ஏசுபாதம் மெதுவாகத் தலையசைத்தார். ஜோஷ்வாவைப் பார்த்தாள். அவன் வலது மூலையிலிருந்து அன்பாகவே சொன்னான்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சிநேகா. பழகிடும்."

முட்டி மடங்கியது. இருபத்தேழு வருடம் அம்மா பேச்சைக் கேட்ட முட்டி, மனசைக் கேட்காமலே மடங்கிவிட்டது. டிவியில் அந்தக் குட்டி உருவம் இன்னும் குட்டியாயிற்று. பழைய ஆபரேஷன் தழும்புக்குள் சுருக்கென்று வலித்தது. மழையில் வலிக்குமா என்று கேட்டவன்தானே பழகிடும் என்கிறான் என்று நினைத்ததும், சிநேகாவுக்கு அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தது. அம்மா மேல் வந்ததைவிட, மடங்கின தன் முட்டி மேல் வந்த கோபம்தான் பெரிது. நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் பின்சுவர் ஓரமாக வலது பக்கம் நடக்க ஆரம்பித்தாள். டிவியில் அவள் ஒவ்வொரு அடிக்கும் வளர்ந்தாள். ஜோஷ்வாவின் இடுப்புக்கு வந்தாள். தோளுக்கு வந்தாள். வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். மார்கரெட், அங்கேயே நில்லு, அங்கேயே நில்லு என்று கையைக் காட்டினாள். சிநேகா போய் ஜோஷ்வாவின் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றாள். ஒரே மூலையில் இரண்டு பேர் நின்றால் எந்தக் கேமராவும் பொய் சொல்ல முடியாது. அவன் தலை அவள் காது வரைக்கும் வந்தது. அவள் கொண்டைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான் இடம்.

"ஏங்கண்ணு இப்டி பண்ற?" என்று மார்கரெட் கேட்டாள். சிநேகா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நைனா, தாத்தா களத்து மேட்டுல ஆண்டைங்க முன்னாடி முட்டிய மடக்கிகினு நின்னாரு. அன்னிக்கி அவுருக்கு வேற வழி இல்ல. நா சம்பாரிக்கிறேன், எனுக்கு இன்னா வந்துச்சு? கோயிலுக்குள்ள போயி நா ஏன் மடக்கணும்?"

ஏசுபாதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தன் அப்பா நெல் அளக்கிற இடத்தில் நின்ற நிலையை மகளுக்கு அவர்தான் ஒருநாள் சொல்லியிருந்தார், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டே. இத்தனை பேர் முன்னால் அது தன்னிடமே திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சிநேகா ஜோஷ்வாவின் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. குனியவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

"பயோடேட்டாவுல பொய் போட்டது தப்பு. அதுக்கு நா மன்னிப்பு கேக்குறேன். இதுக்குக் கேக்க மாட்டேன். இப்டியே என் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுப்பீங்களா?"

ஜோஷ்வா கெட்டவன் இல்லை. அவன் வாய் எதையோ சொல்ல வந்தது. அதற்குள் கீழேயிருந்து பியூலா டீச்சர், வாடா இப்படி என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். ஜோஷ்வா டிவியைப் பார்த்தான். அதில் தன்னைப் பார்த்தான். பக்கத்தில் அவளைப் பார்த்தான். சாரி என்று முணுமுணுத்துவிட்டு நடந்தான்.

படி இருந்தது இடது மூலையில். வேறு வழி கிடையாது, அந்தப் பின்சுவர் ஓரமாகத்தான் போயாக வேண்டும். டிவியில் அவன் ஒவ்வொரு அடிக்கும் குறைந்துகொண்டே போனான். அவள் தோளுக்கு, அவள் இடுப்புக்கு, அவள் தொடைக்கு. படியை நெருங்கியபோது கொலு பொம்மை அளவுதான் இருந்தான். இது ஏதோ ஏற்பாடு செய்த வேடிக்கை என்று வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மகனை ஏறிட்டுப் பார்க்காமல் பியூலா டீச்சர் செருப்பு வைத்த இடத்தைத் தேடிப் போனார்.

மூன்று வாரப் பேச்சு இப்படிப் போனதில் சிநேகாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போய் அழ வேண்டியிருக்கும், அது தெரிந்ததுதான். அழட்டும். ஆனால் இந்த மூலையை விட்டு இறங்க அவளுக்கு மனசு வரவில்லை. போய்ப் பெண்ணை இறக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மார்கரெட் அழுதுகொண்டே புருஷனை உலுக்கினாள்.

"நிக்கட்டும்" என்றார் ஏசுபாதம்.

ஆஸ்மா கேமராவுக்குப் பின்னால் தயங்கினாள். ஒரு ஆள் மட்டும் நின்றால் பெரிசா சின்னதா என்றே தெரியாது, இந்த ரூமுக்கு எதிர் மூலையில் இன்னொரு ஆள் வேண்டும், வேண்டுமானால் தானே வந்து நிற்கட்டுமா என்று கேட்டாள். நல்ல பெண்.

"வேணாம்மா" என்றாள் சிநேகா. "எங்கூட யாரும் சின்னதா நிக்க வேணாம். நா மட்டும் போதும். எடு."