கோர்டோபாவுக்கு மூன்று வழிகாட்டிகள்

எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது கதிர்காமநாதனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு பாலத்தைக் கண்டால் அதைக் கட்டியவன் யார், ஏன் கட்டினான், கட்டும்போது எத்தனை பேர் விழுந்து செத்தார்கள் என்பது வரை விசாரித்தால்தான் மனுசனுக்குச் சோறு இறங்கும். ஜேர்மனியில் வுப்பர்டால் நகரத்துக்கு வந்த புதிதில், ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலைப் பற்றிக் கண்டவன் நின்றவனிடமெல்லாம் கேட்டுக் கேட்டே பாதி ஜேர்மன் பிடித்துக்கொண்டார். மீதிப் பாதி அவருக்குத் தேவைப்படவில்லை. அதற்குள் மகள் கஜந்தி வளர்ந்துவிட்டாள்.

கஜந்தியின் ஜேர்மனைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. டொக்டரிடமோ, விசா அலுவலகத்திலோ, வீட்டுக்காரனிடமோ, எங்கே போனாலும் தாய் தகப்பனுக்கு முன்னால் அவள்தான் நிற்பாள். பல்லு விழுந்து முளைக்கிற வயதில் தொடங்கிய வேலை அது. அந்தப் பக்கம் ஜேர்மன் போகும், இந்தப் பக்கம் தமிழ் வரும், நடுவில் பிள்ளை மூச்சு விடுகிறதோ என்று சந்தேகமாக இருக்கும். விசா அலுவலகத்துக் கிழவி ஒருத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு நாங்கள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொன்னதை, கதிர்காமநாதன் கொலோன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நாவூறு படப்போகுது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கோ என்று மனைவி ரஞ்சினி தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டாரா? அவராவது கேட்பதாவது!

அதெல்லாம் மாசி மாதத்துக்கு முந்திய கதை.

மாசியில் ரஞ்சினிக்கு வயிற்றில் ஆறு மாதம். வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கதிர்காமநாதன் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலையில் நின்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனவள் பதின்மூன்று வயதுக் கஜந்தி. வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த டொக்டர் ஏதோ சொன்னார். அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னது அந்தப் பிள்ளை. "அம்மா, பேபியின்ர நெஞ்சு அடிக்கேல்லையாம்." சட்டையெல்லாம் மாவோடு தகப்பன் ஓடி வந்தபோது, அதையே அவருக்கு இன்னொரு தரம் சொன்னதும் அவள்தான்.

அதற்குப் பிறகு அவள் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாளா என்றால், இல்லை. கேட்ட இடத்தில் கேட்ட நேரத்தில் சுத்தமாகச் சொல்வாள். சொந்தப் பேச்சைத்தான் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துப் புதினம் இல்லை, தகப்பனோடு வாதாட்டம் இல்லை, சிரிப்பு இல்லை. "சாப்பிட்டியோ பிள்ளை?" "ஓம்." "என்ன, முகம் வாடிக் கிடக்கு?" "ஒண்டுமில்லை." ஊரார் பேச்செல்லாம் அவள் வாயால் வந்தது, அவள் பேச்சு மட்டும் வரவில்லை. கதிர்காமநாதன் கோணங்கித்தனமெல்லாம் செய்து பார்த்தார். பிள்ளை மரியாதைக்கு உதட்டை அசைத்தது.

எப்பாடுபட்டாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். ஸ்பெயின் பயணம் முளைத்தது அதற்காகத்தான். ரஞ்சினியோடு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்யும் என்கார்னா, ஸ்பெயினில் கோர்டோபா நகரத்துக்காரி. அந்தக் காலத்தில் ஜேர்மனிக்கு ஆலை வேலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவள். "பிள்ளையை எங்கள் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டு" என்று அவள் ரஞ்சினியைப் பிடித்த பிடியை விடவில்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தோடு விசா இல்லாமல் ஸ்பெயினுக்குப் போகலாம் என்று ஆகியிருந்த காலம். இலையுதிர்கால விடுமுறைக்குப் போவதென்று முடிவாயிற்று. ஒரு கிழமை மலாகாக் கடற்கரை, அதில் ஒரு நாள் பஸ்ஸில் கோர்டோபா.

பயண முகவரிடம் வாங்கி வந்த வண்ணப் புத்தகத்தைக் கதிர்காமநாதன் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஆளே மாறிப்போனார்.

"இஞ்ச பார் ரஞ்சினி, தூண் எண்டா இதெல்லோ தூண்! எங்க பாத்தாலும் தூண், முடிவே தெரியேல்லை. மேல சிவப்பும் வெள்ளையுமா வளைவு. பள்ளிவாசலாம், அதுக்கு நடுவில ஒரு தேவாலயமாம். முழுக்க இடிக்க மனம் வரேல்லைப் போல, உள்ளுக்கையே கட்டிப்போட்டாங்கள். எப்பிடி மூளை பாத்தியோ!"

படங்கள் உண்மையிலேயே அழகுதான். வெள்ளைச் சுவர்கள், சுவர் நிறைய நீலப் பூச்சட்டிகள், ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒழுங்கைகள். அந்த நகரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்க்க மூன்று விதம் இருந்தது. ஜேர்மன் மொழியில் ஒன்று: சரித்திரம் படித்த ஒருவர் பள்ளிவாசல், ரோமர் பாலம், யூதர் தெரு எல்லாவற்றையும் விளக்குவார். அதே வழியில் ஆங்கிலத்தில் ஒன்று. மூன்றாவது ஸ்பானிய மொழியில், ஸ்பெயின்காரருக்காக. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஒழுங்கைகளுக்குள்ளும் வீட்டு முற்றங்களுக்குள்ளும் கூட்டிப்போவாள். எது வேண்டும் என்பதைப் பயணத்தைப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ஜேர்மன் நடைதான்" என்றார் கதிர்காமநாதன். "அந்தாள் சொல்லச் சொல்லப் பிள்ளை எங்களுக்குச் சொல்லும். ஒரு சொல் தவறாது. அதுக்கும் ஒரு உசார் வரும். என்ன பிள்ளை?"

"ஓம் அப்பா" என்றாள் கஜந்தி. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

"இங்கிலீஷ் நடைக்குப் போனால் என்ன?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"என்ர இங்கிலீஷ் பால்மாப் பேணியில இருக்கிற எழுத்தை வாசிக்கத்தான் காணும். உனக்கு அதுவும் இல்லை. பிறகேன் கதை?"

ரஞ்சினி மகளின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசாததைக் கதிர்காமநாதன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் அந்த மௌனத்தை அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று பேருமாகப் பயண முகவரிடம் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் வழக்கம்போலப் பெரியவர்களை விட்டுவிட்டுக் கஜந்தியைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொண்டது. எந்த விமானம், எந்த ஹோட்டல், ஜன்னல் கடலைப் பார்க்க வேண்டுமா, எல்லாம் மளமளவென்று இரண்டு பக்கமும் போய்வந்தது. கதிர்காமநாதன் பக்கத்து மேசைக்காரர்கள் கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"கோர்டோபாவில எந்த நடை எண்டு கேக்கிறா" என்றாள் கஜந்தி.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ரஞ்சினி அவருடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். மகளைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஜேர்மனில் பேசினாள்.

"ஸ்பானிய நடை, தயவுசெய்து."

அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். நீங்கள் ஸ்பானிஷ் பேசுவீர்களா?

இல்லையென்று தலையாட்டி, "நைன்" என்றாள் ரஞ்சினி.

கணவர்?

"நைன்."

மகளா?

"நைன். ஒருவரும் இல்லை." மிச்சத்தை ரஞ்சினி என்கார்னாவிடம் கேட்டுத் தெரிந்து, பல நாள் வாளியும் துடைப்பமுமாக நின்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும். உடைந்த ஜேர்மன்தான், ஆனால் குரல் உடையவில்லை. "என் மகள் விடுமுறை. விடுமுறையில் மகள் வேலை இல்லை."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கஜந்தியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரஞ்சினியைப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் ரஞ்சினியோடுதான், மெதுவாக, சொல் சொல்லாக.

கதிர்காமநாதன் பேயறைந்தவர் போல இருந்தார். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் தன் மனைவி ஒரு மேசைக்கு முன்னால் இருந்து வாய் திறந்து அவர் கண்டதில்லை. அட, இவளுக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா! இருந்தாலும் தூண்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"உனக்கென்ன விசரே?" என்று தமிழில் பொருமினார். "மூண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. அந்தத் தூணுகளைக் கட்டினவன் ஆரெண்டு நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

"ஆர் கட்டினால் என்ன? கட்டினவன் செத்துப்போனான். பிள்ளை உயிரோட இருக்கிறாள்" என்றாள் ரஞ்சினி. "அந்த மனுசி கை காட்டுற பக்கம் பாப்பம். கோழிக்குஞ்சு மாதிரிப் பின்னால போவம். இவளும் எங்களைப் போலச் சும்மா பாத்துக்கொண்டு வரட்டுமன்."

உசார் வரும் என்று மகளுக்குக் கதிர்காமநாதன் தேடிக் கொடுக்க நினைத்தது இன்னொரு வேலை. தாய் தேடிக் கொடுத்தது ஒரு விடுமுறை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒருத்தியைக் கட்டியிருக்கிறோமே என்று பெருமை பிய்த்துக்கொண்டு வந்தது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கஜந்தி கேட்டாள். மாசிக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்டும் செய்யாதை. பூவைப் பார்."

வெளியே வந்து தெருவில் நடந்தார்கள். கடை வாசல்களில் சனிக்கிழமைச் சனம். கஜந்தி பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தால் ஒரு சப்பாத்துக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்ன குஞ்சு?"

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னதில பாதி எனக்கு விளங்கேல்லை. கெதியாக் கதைச்சவர். நான் அவரின்ர முகத்தைப் பாத்துத்தான் சொன்னனான்." அவள் தாயைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த சப்பாத்துகளோடு பேசினாள். "வேற ஏதும் சொல்லியிருந்தால்? ஏதும் செய்யலாம் எண்டு சொல்லியிருந்தால்? நான் பிழையாச் சொல்லி, நீங்கள் ஓம் எண்டு சொல்லி..."

இத்தனை மாதமாக இந்தப் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தது! ஐயோ, நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தேனே என்று கதிர்காமநாதன் நினைத்தார்.

ரஞ்சினி மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ சொல்ல முதலே எனக்குத் தெரியும், ராசாத்தி. ரெண்டு நாளா வயித்துக்குள்ள அசைவே இல்லை. தெரிஞ்சுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான்."

"தெரிஞ்சுமோ? அப்ப ஏன் என்னைச் சொல்ல விட்டனீங்கள்?"

"தனியக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னனீ, ஞாபகமோ? நீ பிடிக்காட்டி நான் அந்தக் கட்டிலாலை எழும்பியிருக்க மாட்டன். உன்னைப் போல ஒருத்தராலும் அதைச் சொல்லியிருக்க ஏலாது."

கஜந்தியின் முகம் கோணியது. பிறகு அவள் அழுதாள். குரலெடுத்து, ஒரு வயதுப் பிள்ளை அழுவது போல, நடுத்தெருவில் நின்று அழுதாள். போன சனமெல்லாம் நின்று பார்த்தது. ஒரு ஜேர்மன் கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்து, என்ன நடந்தது, உதவி ஏதும் வேண்டுமா என்று எல்லாரையும் போலக் கஜந்தியைப் பார்த்துத்தான் கேட்டார்.

கதிர்காமநாதன் முன்னால் போய் இருவருக்கும் இடையில் நின்றுகொண்டார். தெரிந்த பாதி ஜேர்மனைக் கூட்டிப் பொறுக்கி, கிழவருக்கு அவரே பதில் சொன்னார்.